குறுக்குத்துறைச் சொதிக்கு நீர் சொன்ன தீர்ப்பு

இன்று காலை வண்ணாரப்பேட்டையில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மாஸ்டர் யாரோடோ போனில் பேசிக்கொண்டே பாலை அடிப்பிடிக்க விட்டுவிட்டார். தீய்ந்த வாடை ரோடு வரைக்கும் வந்தது. டம்ளரை வாயருகே கொண்டுபோனவர்கள் எல்லாரும் அப்படியே கீழே வைத்தார்கள். ஒருவர், "என்ன வே, பாலைக் காய்ச்சுதீரா, கருக்குதீரா?" என்று சத்தம் போட்டார். மாஸ்டர் அசட்டுச் சிரிப்புடன் சட்டியை இறக்கி வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏரலில் ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் இதே வாடையடித்த டீயை நீர் கடைசிச் சொட்டு வரை குடித்தது ஞாபகம் வந்தது. நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் தரையில் ஊற்றினேன். நீர் என் முகத்தைப் பார்த்தீர், பிறகு உம் காலி டம்ளரைப் பார்த்தீர். "எனக்குத் தீஞ்ச பால் பிடிக்கும் வே, சின்னப்பிள்ளையில இருந்தே" என்றீர். நானும் நம்பினேன். அதைச் சொல்லியே ஒரு மாதம் உம்மைக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

இறந்துபோனவர் மேல் கோபப்படக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல? உம்மிடம்தான் சொல்ல வேண்டும். புகழ வேண்டிய இடத்தில் புகழ்கிறேன், அதில் குறை வைக்க மாட்டேன். மிச்சத்தையும் நீர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாம் பழகியது ஒரு மிக்ஸியால். டவுணில் ரதவீதியை ஒட்டிய சந்தில் நான் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டு வந்த நீர், பிள்ளைகளை இறக்கிவிட்டு, வீட்டு மிக்ஸியைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தீர். பக்கத்து மெஸ்ஸிலிருந்து எனக்கு வந்த சாப்பாட்டுக் கேரியர் மேசையில் இருந்தது. மூடி திறக்கவில்லை. நீர் வாசலில் நின்றபடியே மூக்கைச் சுருக்கி, "அண்ணாச்சி, புளிக்குழம்புல வெந்தயம் கருகிட்டு" என்றீர். எனக்கு எரிச்சலாக வந்தது. திறந்து ஒரு வாய் வைத்தேன். கசந்தது. அன்றைக்கே நம் பேச்சில் "அண்ணாச்சி" போய் "வே" வந்துவிட்டது.

அதற்கப்புறம் நம் ஞாயிற்றுக்கிழமைகள். என் பைக்கில் நான் முன்னால், நீர் பின்னால். ஓட்டத் தெரிந்தவர் பின்னால் உட்காருகிறாரே என்று கேட்டால், "வாரம் பூரா ஊரான் பிள்ளைகளை நான் ஏத்திக்கிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமையாவது என்னை ஒருத்தன் ஏத்திக்கிட்டுப் போகட்டும் வே" என்பீர். மேற்கே பாபநாசம் வரைக்கும் போனோம். கிழக்கே ஆறு கடலைப் பார்க்கிற பக்கம், கொற்கை வரைக்கும் போனோம். நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று லாரி டிரைவர்களையும் பஸ் கண்டக்டர்களையும்தான் கேட்போம். கல்யாண வீட்டில் கேட்டால் எல்லாரும் பெரிய ஹோட்டல் பேரைத்தான் சொல்வார்கள் என்பது உம் கணக்கு.

சேரன்மகாதேவியில் ஒரு வீட்டுக் கடையில் உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் சாப்பிட்டது நினைவிருக்கிறதா? வழக்கமாக நீர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுகிற கடை. அன்றைக்கு ஒரு தடவையோடு நிறுத்திவிட்டீர். வெளியே வந்து, "ஆத்துத்தண்ணி இல்ல வே, போர்த்தண்ணி" என்றீர். நான் நம்பாமல் திரும்பிப் போய்ப் பேச்சுவாக்கில் கேட்டேன். குழாய் உடைந்து இரண்டு நாளாக ஆற்றுத்தண்ணீர் வரவில்லை என்றார் அந்த வீட்டுக்காரர். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதிலிருந்து உம் நாக்குக்கு முன்னால் என் நாக்கை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சண்டை போடாமல் இல்லை. அல்வாவை வாழையிலைத் துண்டில் சுடச்சுட நெய் ஒழுகத் தின்ன வேண்டும் என்பேன் நான். "சுடுததுல என்ன வே ருசி தெரியும்? அல்வா மறுநாள்தான் அல்வா" என்பீர் நீர். அம்பாசமுத்திரத்துச் சால்னா எனக்கு உயிர். நீர் அதை வெறும் மிளகாய்த் தண்ணீர் என்பீர். சீவலப்பேரிப் பக்கம் ஒரு அம்மா வைக்கிற ஆற்றுமீன் குழம்புக்கு மட்டும் இருவருக்கும் ஒரே வாய். உம் சொந்த ஊர் மேலப்பாளையத்து நெய்ச்சோற்றுக் கடைகளைத்தான் நீர் அதிகமாக வறுத்தெடுத்தீர். "சொந்த ஊருக்குச் சலுகை கெடையாது" என்று சொல்லி உம் மச்சான் கடையையே நாலு வார்த்தையில் கிழித்துப் போட்டீர். அவர் ஆறு மாதம் உம்மிடம் பேசவில்லை.

இதையெல்லாம் எழுதி வைக்கலாமே என்று முகநூலில் பக்கம் ஆரம்பித்தது என் புத்தி. "ரெண்டு இலை" என்று பேர் வைக்கலாம் என்றீர். கட்சிக்காரர்கள் கொடியோடு வந்து நிற்பார்கள் என்று நான் பயந்தேன். எதிரெதிரே உட்கார்ந்துதானே சாப்பிடுகிறோம், "எதிர் இலை" என்று வைத்தோம். கடைக்காரரிடம் யாரென்று சொல்லக் கூடாது. கடைக்குள் இருக்கும்வரை சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. வெளியே வந்து ஒரு டீ. டீ வந்த பிறகு முதலில் நீர் சொல்ல வேண்டும், பிறகு நான். எழுதுவது நான். இந்த வழக்கம் நாமாக உட்கார்ந்து பேசி வைத்ததில்லை, தானாக அமைந்தது.

பையப் பைய ஊரில் ஒரு பேச்சு உண்டானது. எதிர் இலையில் நல்லபடியாக வந்தால் மறுவாரம் அந்தக் கடையில் இடம் கிடைக்காது. மோசமாக வந்தால் காற்று வாங்கும். மிக்ஸி ரிப்பேருக்கு வருகிறவர்கள்கூட, "அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்டார் வாராக. எங்க கூட்டிட்டுப் போவ?" என்று கேட்பார்கள். நான் உம்மைக் கேட்டுத்தான் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல.

பிறகு கொரோனா வந்தது. உமக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தீர். பிழைத்து வந்தால் போதும் என்று நானும் நெல்லையப்பர் கோயிலில் வேண்டிக்கொண்டேன். வேன் மறுபடி ஓட, பள்ளிக்கூடம் திறக்க, நாள் பிடித்தது. நாம் திரும்ப ஞாயிற்றுக்கிழமை கிளம்பியபோது நீர் கொஞ்சம் மெலிந்திருந்தீர், கொஞ்சம் பேச்சும் குறைந்திருந்தது. முன்பெல்லாம் டீ வந்ததும், "கொத்தமல்லி வறுத்தது பத்தல, மிளகு போன வருஷத்து மிளகு, உப்பைக் கடைசில போட்டிருக்கான்" என்று நீர் அடுக்குவதை என்னால் எழுதி மாளாது. காய்ச்சலுக்குப் பிறகு இரண்டே வார்த்தைகள். "நல்லாருக்கு வே." இல்லாவிட்டால், "சரியில்ல வே."

சாவைப் பார்த்துவிட்டு வந்தவர், பக்குவப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். என்ன மாதிரி முட்டாள் நான்! அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நானே முழுதாக எழுத ஆரம்பித்தேன். நல்லாருக்கு என்று நீர் சொன்னால் ஏன் நன்றாக இருந்தது என்று நான் யோசித்து எழுதுவேன். சரியில்லை என்றால் அதற்கும் காரணம் தேடுவேன். நீர் தலையை மட்டும் ஆட்டுவீர். எழுதினதைப் படித்துக் காட்டினால், "நல்லா எழுதுதீரு" என்பீர்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். குறுக்குத்துறை போகிற பாதையில் கோமதியக்கா வீடு. அவர் வாரநாட்களில் காலையில் இட்லி தோசை போடுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் சொதிச் சாப்பாடு. கல்யாண வீடுகளில் மறுவீட்டன்றைக்கு வைக்கிற சொதியை வாராவாரம் வைக்கிற தைரியம் அவருக்குத்தான் இருந்தது. முன் அறையில் நான்கு பெஞ்சு. தலைவாழை இலை, முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் மிதக்கிற தேங்காய்ப்பால் சொதி, இலையில் ஊற்றுவதுபோகக் கிண்ணத்திலும் கொஞ்சம், இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். வேறு ஒன்றும் கிடையாது. காய்ச்சலுக்கு முந்தி நாம் இரண்டு தடவை போயிருக்கிறோம். "திருநெல்வேலியில் சொதி என்றால் இந்த வீடு" என்று நீர் சொல்லி நான் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு இலை போட்டு, சொதி ஊற்றி, இரண்டாவது கவளம் எடுக்கும்போது எனக்குப் போன் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து மகன். வேலையை விட்டுவிட்டேன் அப்பா என்றான். ஏன் என்று கேட்டேன். பிடிக்கவில்லை என்றான். கடைக்குள் சத்தம் போட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு பேசுகிறேன் என்று வைத்தேன். முகம் சுண்டிப்போயிருக்கும். இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. நீர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது அக்கறை என்று நினைத்தேன்.

டீ வந்தது. நீர் வாயைத் திறந்தீர். "கை போயிட்டு வே. சொதி சரியில்ல."

நான் திகைத்துப்போனேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இஞ்சி தொண்டையில் இறங்குகிற சூடுகூட இன்னும் இருந்தது. "அப்படியா சொல்லுதீரு?" என்று கேட்டேன். "நீருந்தான் சாப்பிட்டீரே" என்றீர். மகன் விஷயத்தில் மனசு சரியில்லை, அதனால் நாக்கும் சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உம் நாக்கு தப்பாது, என் நாக்குத்தான் தப்பும். வீட்டுக்குப் போய் எழுதினேன். தேங்காய்ப்பால் தண்ணீராக இருந்தது என்று எழுதினேன். இஞ்சி காய்ந்தது என்று எழுதினேன். பழைய கை போய்விட்டது, பேருக்குத்தான் கூட்டம் என்று எழுதினேன். நீர் சொன்னது ஒரு வரி. மற்றதெல்லாம் நான் கைக்காசாகப் போட்டது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கோமதியக்கா வீட்டுச் சுவரில் "ஞாயிறு சொதிச் சாப்பாடு" என்ற எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தது. உம் வேன் நின்ற இடத்துக்கே வந்து சொன்னேன். நீர் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர். நிமிரவே இல்லை. "பைய சரியாயிரும் வே" என்றீர்.

நீர் போனது ஒரு வியாழக்கிழமை. காலையில் வேனை எடுக்கக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீராம். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அழுதேன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை, உமக்குத் தெரிந்தால் போதும்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி, உம் வீட்டில் சாப்பாடு. நெய்ச்சோறு, ஆணம் என்கிற கறிக்குழம்பு, தால்சா. ஆட்கள் போன பிறகு உம் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, எனக்குத் தனியாக வைத்தது. ஆணம் அவ்வளவு நன்றாக இருந்தது. சும்மா இருக்க முடியாமல் சொன்னேன். "தங்கச்சி, இந்த ஆணத்த அவரு சாப்பிட்டிருந்தா இன்னிக்குப் பூரா பேசியிருப்பாரு."

அது கரண்டியை அப்படியே நிறுத்தியது. "என்னத்தப் பேச அண்ணே? அந்தக் காய்ச்சலுக்கப்புறம் அவங்களுக்கு நாக்குல ஒண்ணுமே தெரியாதுல்லா. வாடையும் தெரியாது. உப்பு இருக்கா, புளிப்பு இருக்கான்னு எங்கிட்டதான் கேப்பாங்க. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

"தெரியும் தங்கச்சி" என்றேன்.

வேறென்ன சொல்ல? வாரம் தவறாமல் கூடச் சாப்பிட்ட மனுஷன், எனக்கு மட்டும் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீடே அறிந்திருக்கிறது. உம் மச்சானுக்குத் தெரியும், ஆறு மாதம் பேசாமல் இருந்த மச்சானுக்கு! வேனில் வருகிற டீச்சருக்குக்கூடத் தெரியுமாம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், கை வாய்க்குப் போகவில்லை. எத்தனை பேர் முன்னால் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறீர்!

பத்து நாள் கழித்து மறுபடியும் போனேன். உம் மகன் ரேஷன் கார்டு திருத்துவது பற்றிக் கேட்டிருந்தான், அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். பேசி முடித்துவிட்டு, தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா தங்கச்சி?"

"நானும் தலையால அடிச்சுக்கிட்டேன் அண்ணே" என்றது. "டாக்டரைப் பாத்தாங்க, மருந்து சாப்பிட்டாங்க, ஒண்ணும் சரியாகல. அண்ணன்ட்ட சொல்லிருங்கன்னு சொன்னேன். 'சொன்னா அவரு என்கூட வரமாட்டாரு, நாக்கில்லாதவனைக் கூட்டிக்கிட்டு அவரு எதுக்கு அலையப் போறாரு'ன்னு சொல்லுவாங்க. 'அவரு மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ருசி தெரிஞ்சிரும்'னு சிரிப்பாங்க."

அன்றைக்கு உட்கார்ந்து எதிர் இலையில் எழுதினதையெல்லாம் பின்னோக்கிப் படித்தேன். காய்ச்சலுக்குப் பிறகு வந்த ஒவ்வொன்றையும். நீர் நல்லாருக்கு என்றதெல்லாம் நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்ட கடைகள். நீர் சரியில்லை என்றதெல்லாம் நான் முகம் சுளித்த கடைகள். என் முகத்தையே பார்த்து, அதை வாங்கி, டீ வந்ததும் எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறீர். நான் அதை வேதவாக்காக வாங்கிக்கொண்டு, பார்த்தீரா, இவர் நாக்கும் என் நாக்கும் இப்போது ஒன்றாகிவிட்டது என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை வீட்டில் வேறு சொல்லியிருக்கிறேன்.

இதுகூடப் போகட்டும் வே. ஏமாந்தது நான் மட்டுமென்றால் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேன். கோமதியக்கா சொதி என்ன பாவம் செய்தது? என் மகன் மேல் எனக்கிருந்த எரிச்சலை என் முகத்தில் பார்த்து, அதைத் தூக்கி ஒரு பொம்பளையின் அடுப்பில் போட்டீர். சுவரில் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள் என்று நான் வந்து சொன்னபோதாவது நீர் நிமிர்ந்திருக்கலாம். அப்போதும் டயரைத்தான் தட்டினீர். நீர் வாய் தவறிச் சொல்லிவிட்டீர் என்று மனசைத் தேற்றிக்கொள்ள எனக்கு அந்த டயர்தான் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறது.

போன மாதம் ஒரு நாள், டிபன் நேரம் முடிகிறபோது கோமதியக்கா வீட்டுக்குப் போனேன். எழுதினது யார் என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, அவர் மகள் சொல்லியிருக்கிறாள். என்னைவிட மூத்தவர்தான். ஆனாலும் கடை வைத்திருக்கிறவன் என்பதால் அவருக்கு நான் அண்ணாச்சி.

"வாங்க அண்ணாச்சி. இட்லி நாலுதான் கெடக்கு. சாப்பிடுதீகளா?"

சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கேட்டேன். "சொதிய ஏன் அக்கா விட்டுட்டீங்க?"

"நீங்களே கேக்கீகளா?" என்றார். அதில் கோபம் இல்லை. பெஞ்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க எழுதுனதுல ஆளு கொறஞ்சிது. அது கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போகுது, இட்லி இருக்கு. ஆனா வாரவுக எல்லாம் இலையில ஊத்துததுக்கு முன்னாலயே, 'பால் தண்ணியா இருக்குமோ'ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாக. நானும் ஒவ்வொரு வாரமும் மூணு தடவை, நாலு தடவை ருசி பாக்கேன். பாத்துப் பாத்து கடைசியில எனக்கே தெரியாமப் போச்சு அண்ணாச்சி. நல்லாருக்கா, நல்லால்லையா, ஒண்ணும் புடிபடல. எங்க அம்மைகிட்ட படிச்ச சொதி. ஒரு ஞாயித்துக்கெழம அப்படியே சட்டியோட கொண்டுபோய் வாய்க்கால்ல ஊத்திட்டேன். அன்னிக்கோட விட்டாச்சு."

உம் நாக்கு காய்ச்சலில் போனது. அவர் நாக்கு நம்மால் போனது. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டு, இதை எப்படியாவது என் தலையிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஆரம்பித்தேன். "அக்கா, அன்னிக்கு அப்படிச் சொன்னது நான் இல்ல. எங்கூட ஒருத்தர் வந்தாருல்லா, அவரு சொன்னாரு. அவருக்கு வந்து..."

"அவுக எந்திரிச்சுக் கைகழுவப் போனாக" என்று குறுக்கே சொன்னார் கோமதியக்கா. துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க போகல. அவுக அங்கன திரும்புனதும் சொதிக் கிண்ணத்த எடுத்து வாயில சாய்ச்சுக் குடிச்சீக. அடியில கெடந்த முருங்கைக்காயக்கூட விடல. நான் அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எம்மவகிட்டச் சொன்னேன், 'இந்த அண்ணாச்சி நல்லா எழுதுவாக பாரு'ன்னு."

அப்படிக் குடித்தது எனக்கு அதுவரை ஞாபகமே இல்லை. அவர் சொன்னதும் வந்துவிட்டது. கிண்ணத்தின் சூடு, கடைசியில் நாக்கில் தட்டுப்பட்ட இஞ்சித் துண்டு, எல்லாம். உமக்கு நாக்கில்லை என்ற உண்மை என் வாய்வரை வந்திருந்தது. அதைச் சொல்லி நான் தப்பித்திருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "தப்பு எம்மேலதான் அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே எதிர் இலையில் எழுதினேன். குறுக்குத்துறைச் சொதி நன்றாக இருந்தது, எனக்குத் தெரிந்தே தவறாக எழுதினேன், அந்த அக்காவிடமும் படித்தவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று. உம் பேரை எழுதவில்லை. உம் காய்ச்சலையும் எழுதவில்லை. ஆட்கள் வந்து காறித் துப்பினார்கள். அந்தப் பெரியவர் இருந்தவரைக்கும் இந்தப் பக்கத்தில் நியாயம் இருந்தது, அவர் போனதும் இந்த ஆள் கெடுத்துவிட்டான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன் வே. போன பிறகும் உம்மை நான்தான் மூடி மறைக்க வேண்டியிருக்கிறது.

கோமதியக்கா இன்னும் சொதி வைக்க ஆரம்பிக்கவில்லை. வைப்பார் என்று நான் சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒருநாள் அங்கே போய் இட்லி சாப்பிடுகிறேன். சட்னி நன்றாக இருந்தால் அங்கேயே, அவர் காதில் விழச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். சரியில்லாவிட்டாலும் சொல்கிறேன். போன வாரம் உப்பு கூடுதல் என்றேன். அவர் ஒரு விரலில் தொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, கூடிட்டு" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிந்த மாதிரி இருந்தது.

உம்மை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பொய் சொன்னதற்காக மட்டும் இல்லை, அது பாதிதான். உம் நாக்குக்காகத்தான் நான் உம்மோடு அலைந்தேன் என்று இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தீர் பாரும், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றும் தெரியாத நாக்கோடு எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, எங்கே கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயந்துகொண்டு நீர் சோறு தின்ற அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு இப்போது தொண்டையில் நிற்கிறது. என்னிடம் சொல்லியிருக்கலாம் வே. நான் வந்திருப்பேன்.